கழுதைப்பல்

நாலரைக்கே வெளுத்துவிடுகிறது அகமதி.
பதினொன்றுக்குள் புல் முடிய வேண்டும்;
ஜூனில் அதற்குமேல் வெயிலில் நின்றால்
கம்பெனிக்கு அபராதம்.

டிராக்டருக்குப் பின்னால் கொக்கி,
கொக்கியில் ஒரு இரும்பு ஊசி,
ஊசியின் தயவில் வாக்குவம் வண்டி.
வெட்டும் தட்டிலிருந்து கிளம்புகிற கறுப்புக் குழாய்
வெட்டியதை வெட்டிய சூட்டில் உறிஞ்சிப்
பெட்டிக்குள் துப்பும்.
அருகம்புல் தின்கிற தும்பிக்கை, என் கணக்கில்.
ரஃபீகுல் அதை மாமியார் என்கிறான்:
எவ்வளவு போட்டாலும் போதாதாம்,
ஈரமாய்ப் போட்டுவிட்டால்
தொண்டையில் அடைத்துக்கொண்டு ஊரைக் கூட்டுமாம்.

தெருவில் எல்லாம் தாழ்ந்த கூரை வீடுகள்,
எண்ணெய் எடுக்க வந்த வெள்ளைக்காரர் காலத்தவை.
புல் மட்டும் போன மார்ச்சில் வந்தது,
பாய் மாதிரி சுருட்டி, லாரியில்.
இரண்டு விரற்கடை வேர். அதற்குக் கீழே மணல்,
மணலுக்குக் கீழேயும் மணல்.
அருகுபோல் வேரோடி என்று
இதைக் காட்டி யாரையும் வாழ்த்த முடியாது.

பதினேழாம் வீட்டு முன்னால்
கோனோகார்பஸ் சருகை இழுத்துக்கொண்டிருந்தேன்.
காதில் மூடி. எதுவும் கேட்கவில்லை.
பக்கக் கண்ணாடியில்தான் பார்த்தேன்:
பைஜாமாவில் ஒரு பையன்
வண்டியைத் துரத்தி வருகிறான்,
அவன் செருப்பைக் கையில் ஏந்தி
வீட்டுவேலை செய்யும் பெண் அவனைத் துரத்தி வருகிறாள்.

எஞ்சினை நிறுத்தினேன்.
நிறுத்திய பிறகும் விசிறி கொஞ்ச நேரம் ஊளையிடும்.
அது ஓயும்வரை மூவரும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றோம்.

பல்.
ராத்திரி விழுந்த பல்.
விடியக் காத்திருந்து சூரியனைப் பார்த்து எறிந்தானாம்:
கழுதைப்பல்லை எடுத்துக்கொள்,
மான்பல்லைக் கொடு.
சூரியன் எடுக்கவில்லை. புல்லில் விழுந்தது.
தேடி எடுத்து மறுபடி எறிவதற்குள்
நான் வந்து தின்றுவிட்டேன்.

இவ்வளவும் எனக்குப் புரிந்தது
பாதி அந்தப் பெண்ணின் இங்கிலீஷில்,
பாதி அவன் வாயிலிருந்த ஓட்டையில்.

தார்ப்பாயை விரித்துப் பெட்டியைக் கவிழ்த்தேன்.
புல் வெந்துகொண்டிருந்தது, கை வைத்தால் இட்லிச் சூடு.
வெள்ளையாய் இருந்ததெல்லாம் பல்லாக இருந்தது:
சரளைக்கல், சீப்பின் முனை,
இறகுப்பந்தின் ஒடிந்த ஒரு காம்பு,
காய்ந்த புறா எச்சம்.
மிஷாரி ஒவ்வொன்றையும் வாங்கி
ஓட்டையில் பொருத்திப் பார்க்கப் போனான்,
அவள் ஒவ்வொன்றையும் தட்டிவிட்டாள்.

ஃபோர்மன் மெத்வல்லியின் பிக்கப் வந்து நின்றது.
கடிகாரத்தைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார்.
பையன் அழுதுகொண்டே சொல்லி முடித்ததும்
முழங்கால் மடக்கி உட்கார்ந்தார்.
கழுதை இல்லை, எருமைப்பல் என்றார்;
அவர் ஊரில் எருமையைக் கொடுத்து
மணப்பெண்ணின் பல் கேட்பார்களாம்.
கழுதை, என்றான் பையன்.
எருமை, என்றார் ஃபோர்மன்.
இருபது நிமிஷம் போனது. பல் வரவில்லை.

எனக்குத் தெரிந்த அரபியைத் திரட்டிச் சொன்னேன்:
இது யார்டுக்குப் போகும். அங்கே பரப்புவோம்.
மூன்று நாள். ஷம்ஸ். ஷம்ஸ். ஷம்ஸ்.
அப்புறம்தான் உரக்குழி.
ஒரு நாளாவது எடுக்காதா?

யோசித்தான்.
பிறகு என் வாயைச் சுட்டி என்னவோ கேட்டான்.
போன வருஷம் கொக்கி ஊசி தெறித்து
முன்பல் போன இடம் அது.
மெத்வல்லி சிரித்தார், மொழிபெயர்க்கவில்லை.
அந்தப் பெண்தான் சொன்னாள்:
உன்னுடையதை நீ எறியவே இல்லையா என்கிறான்.

பத்தே முக்காலுக்கு யார்டில்
மற்றக் குவியல்களைக் கொட்டியபடியே விட்டேன்.
பதினேழாம் வீட்டுப் புல்லை மட்டும்
அப்பளம் காயப்போடுகிற மாதிரி
ஒன்றன்மேல் ஒன்று படாமல் வாரிக் கலைத்தேன்.
மாமியாருக்கு என்ன, உடம்பு சரியில்லையா என்றான் ரஃபீகுல்.
பல் முளைக்கிறது என்றேன்.